ரூபேந்திரன் பிடுங்கிய பிளக்

பெர்மாஸ் ஜெயாவில் மத்தியான மழை சொல்லாமல் கொள்ளாமல் வரும். அன்றும் வந்தது. ருக்னுதீனின் சாப்பாட்டுக் கடையில் மழைக்கு ஒதுங்கியவர்களில் ஒருவன் நனைந்த சட்டையோடும் அணைந்துபோன கைப்பேசியோடும் சுவரோரம் வந்தான். அங்கே இருந்த ஒரே பிளக்கை, யாருடையது என்று கேட்காமல் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் சொருகினான்.

அந்தப் பிளக்கின் மறுமுனையில் லோஷினி இருந்தாள்.

பேட்டரி என்றோ செத்துப்போன அவளுடைய பழைய லேப்டாப் சட்டென்று கறுத்தது. அவள் நிமிர்ந்தாள். பெரிய கண்கள்தான்... மையும் இட்டிருந்தாள். ஆனால் அந்த முதல் பார்வையில் இருந்தது காதல் இல்லை, கொலைவெறி.

அவன் பதறிப்போய் பிளக்கைத் திருப்பிச் சொருகினான். லேப்டாப் உயிர் பெற்றது. எழுதுகிற செயலியான எடிட்டரைத் திறந்தாள். வெள்ளையாக ஒரே ஒரு பக்கம் வந்து நின்றது. வேறு ஒன்றும் இல்லை.

லோஷினி வானொலிக்கு நாடகம் எழுதுகிறவள். எழுதியதை ஒருநாளும் சேமிக்க மாட்டாள். கோப்புக்குப் பெயர் வைத்துவிட்டால் கதை முடிந்துபோன மாதிரி ஆகிவிடும், அப்புறம் கை ஓடாது என்பது அவள் கட்சி. காட்சிக்கு ஒரு பக்கம் திறப்பாள், எழுதுவாள், அப்படியே விட்டுவிடுவாள். எடிட்டரும் அவளுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்திருந்தது. எப்போது திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து எல்லாப் பக்கத்தையும் எடுத்து நீட்டும். இன்றைக்குக் கையை விரித்துவிட்டது.

மாலைக்குள் நாடகம் முழுதும் கோலாலம்பூருக்குப் போயாக வேண்டும். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு எழுத வந்தவள் அவள். இந்த நாடகமும் சொதப்பினால் பேசாமல் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும் என்று அப்பா மணியம் சொல்லியிருந்தார். அவளும் வீம்புக்குச் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

எடிட்டரை மூடித் திறந்து பார்க்கலாம் என்று விரலைக் கொண்டுபோனாள். அவன் கை குறுக்கே வந்து அவள் விரலைப் பிடித்தது.

"மூடாதீங்க."

பிடித்த கையை இரண்டு பேரும் பார்த்தார்கள். அவன் உடனே எடுத்துக்கொண்டான். இப்போது மூடினால் எடிட்டர் இந்த வெள்ளைப் பக்கத்தைப் பழையதன் மேல் எழுதிவிடும், பிறகு கடவுளே வந்தாலும் முடியாது என்றான். பெயர் ரூபேந்திரன், ஊர் பெக்கோக், சிங்கப்பூரில் மென்பொருள் சோதிக்கிற வேலை, இன்றைக்கு லீவு... எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். உட்காரச் சொல்லி அவள் நாற்காலியைக் காட்டினாள்.

எடிட்டர் தன் நினைவை ஒளித்து வைத்திருக்கும் கோப்பைத் தேடிப் பிடித்து, முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்தான். நகலை வேறொரு செயலியில் திறந்தான். அடைப்புக்குறிகளுக்கும் காற்புள்ளிகளுக்கும் நடுவே அவளுடைய வசனங்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. கரண்ட் போன நேரத்தில் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது, அந்த அறுந்த வாலைப் பார்த்துத்தான் எடிட்டர் மொத்தத்தையும் படிக்க மறுக்கிறது என்றான். கடைசி இரண்டு மூன்று வரி போயிருக்கும், மற்றதை எடுத்துவிடலாம்.

லோஷினிக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சில் தேவையில்லாததெல்லாம் கண்ணில் பட்டது. அவன் இமையில் இன்னும் ஒரு மழைத்துளி நின்றது... இப்ப இது ரொம்ப அவசியமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, நாடகத்தைத் தயாரிக்கும் வாசுகி அக்கா கோலாலம்பூரிலிருந்து அழைத்தார். லோஷினி கடைக்கு முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதைக்குப் போய் நின்று ஒன்றுமே நடக்காத குரலில் பேசிவிட்டுத் திரும்பினாள். அதற்குள் அவன் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஒட்டி முடித்திருந்தான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அவள் படித்தாள். கதாநாயகி சம்மதம் சொன்னாள். பிறகு கதாநாயகன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டான். அதற்கும் பிறகு இருவரும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். முடிவை முதலில் எழுதிவிட்டுப் பின்னோக்கிப் போவது லோஷினியின் வழக்கம். அவள் பக்கங்களைத் திறந்த வரிசையிலேயே அவன் ஒட்டியிருந்தான்.

"ஒரு தடவ படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்லா," என்றாள். "தமிழ்னா உங்களுக்கு அவ்ளோ இளக்காரமா?"

அவன் முகம் சுருங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், மன்னிக்கச் சொல்லி முணுமுணுத்துவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

போகட்டும் என்று இருந்தாள். காட்சிகளை வரிசைப்படுத்தினாள், காணாமல் போன வரிகளை மறுபடி எழுதினாள், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெயர் வைத்துச் சேமித்தாள், அனுப்பினாள். கிடைத்துவிட்டது, நாளைக்கு ஒலிப்பதிவு என்று வாசுகி அக்காவிடமிருந்து பதில் வந்தது. இனி அப்பா வாய் திறக்க முடியாது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அந்தச் சுருங்கிய முகம் அவளை விடவில்லை.

மேசை துடைக்க வந்த ருக்னுதீன், அந்தத் தம்பி இன்னும் வெளியேதான் நிற்கிறது என்றார்.

நின்றான். அவள் வெளியே வந்தபோது மழை விட்டு வெயிலே வந்திருந்தது. அவள் நன்றி சொல்வதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்க. நான் மலாய்ப் பள்ளி. வீட்ல பேசுறதோட சரி. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு... அதான் ஃபைல்ல இருந்தபடியே ஒட்டிட்டேன்."

லோஷினிக்குச் சுருக்கென்றது. தெரியாத எழுத்தை ஒன்று விடாமல் பொறுக்கிக் கொடுத்தவனிடம் போய் இளக்காரம் என்றாளே... "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றாள்.

"பரவால்ல." அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மழ எப்பவோ விட்டுருச்சு. பஸ்ஸும் ரெண்டு போயிருச்சு. திட்டு வாங்கிட்டும் போக மனசு வரல. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. பார்த்து ஒரு மத்தியானம்கூட முடியல, சொல்றது தப்புன்னா சொல்லிருங்க, போயிர்றேன்."

காதல் வசனம் எழுதியே பிழைக்கிறவளுக்கே கன்னம் சுட்டது. மூன்றாவது பஸ் வந்து நின்றது, கதவைத் திறந்தது. ரூபேந்திரன் அதையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"அதுல ஏறாதீங்க," என்றாள். "எனக்கும் பிடிச்சிருக்கு."