ரெண்டு தட்டு

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அந்தச் சாம்பல் நிறக் கார் பட்டறைக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் மெக்கானிக்கின் தங்கை. எட்டு மாதமாக வீட்டு வாசலில் உறை போட்டு மூடிக் கிடந்த, அவள் கணவனின் கார் அது. விற்றுவிடு என்று அண்ணன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டப் பழகி, போன வாரத்திலிருந்து வேலைக்கு அதில்தான் போய்வருகிறாள்.

"இன்ஜின்ல ஏதோ தட்டுதுண்ணா," என்றாள், இறங்காமலே. "ரெண்டு ரெண்டா."

பழைய வண்டி என்றால் நாலு சத்தம் போடத்தான் செய்யும் என்று சொல்லி அவன் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. ஆஃப் செய்தால் நின்றுவிடுகிறது, மறுபடி போட்டால் மறுபடி வருகிறது என்று அவள் விவரம் சொன்னாள்.

அந்த வட்டாரத்தில் மெக்கானிக்குக்குக் 'காது' என்றுதான் பேர். சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரனே கையை விரிப்பான். முழ நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தி, மற்றொரு காதை விரலால் அடைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். வால்வா, பிஸ்டனா, பேரிங்கா என்று புட்டுப்புட்டு வைப்பான். கார் கொண்டுவருகிற டாக்டர்கள், எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடாதே என்று கேலி செய்வார்கள். அதைக் கேட்டு அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பட்டறை அவனும் தங்கையின் கணவனும் சேர்ந்து நடத்தியது. மேல் வேலை காதுக்கு. காருக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலை மச்சானுக்கு. இன்ஜின் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது என்பதால் இருவருக்கும் நடுவே ஒரு பாஷை இருந்தது. கையிலிருக்கும் ஸ்பானரால் மச்சான் காரின் அடிச்சட்டத்தில், சேசிஸில், தட்டுவான். ஒரு தட்டு என்றால், ஆக்சிலேட்டரை ஏற்று. ரெண்டு தட்டு என்றால், இன்ஜினை நிறுத்து. மூன்று தட்டு என்றால், வேலை முடிந்தது, வெளியே வருகிறேன், வழி விடு. மூன்றாவது தட்டின் ஓசை அடங்குவதற்குள் சக்கரப் பலகையில் மல்லாந்தபடி சர்ரென்று வெளியே வந்துவிடுவான்.

எட்டு மாதத்துக்கு முன்பு, இதே காருக்கு அடியில் படுத்தவன் அப்படி வரவில்லை. ஜாக்கி இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், அவர் கூப்பிட்டாரா என்று. இல்லை, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது, வலிகூடத் தெரிந்திருக்காது என்றான் காது. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள், வேலைக்குப் போனாள், மகளுக்குத் தலை வாரிவிட்டாள். அது பொய் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு அவன் ஜாக்கியைத் தொட்டதில்லை. எந்தக் காரையும் இரண்டு இரும்புச் சாய்தளங்களில் ஏற்றித்தான் பார்ப்பான். மச்சானின் சக்கரப் பலகை சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. தங்கை காரைச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தினாள். நன்றாகவே ஏற்றினாள்.

அவன் பானட்டைத் திறந்து ஆயில் கம்பியை உருவிப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொன்னான். முதல் அரை நிமிடம் இன்ஜின் சாதாரணமாக ஓடியது. பெட்ரோல் வாடை, சூடேறும் ரப்பர் வாடை, தகரக் கூரையில் தூறல்.

பிறகு அது வந்தது.

டக் டக்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடியும், டக் டக்.

முறைப்படி பார்த்துவிடுவோம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டான். ராடு பேரிங் தேய்ந்திருந்தால் அந்த சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றியதும் தட்டல் அடங்கும். நான்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். அடங்கவில்லை. தங்கையை ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னான். இன்ஜினில் எது தட்டினாலும் இன்ஜினோடு சேர்ந்துதான் தட்டும். ஓட்டம் கூடினால் தட்டலும் கூடும்.

இந்தத் தட்டல் வேகம் கூடவில்லை. பலம் கூடியது. யாரோ இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டி ஓங்கி அடிப்பதுபோல் இருந்தது.

நிறுத்தச் சொல்லிக் கையை அசைத்தான். அவள் நிறுத்தினாள். தட்டலும் நின்றது. அவன் கந்தலை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே இன்னொரு தடவை துடைத்தான். பட்டறைக் கதவு வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

இன்னொரு தடவை போடு என்றான்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்காமல் முடியாது. எட்டு மாதமாக அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடுகிறேனே என்று வருகிறவர்களிடம் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தான். இப்போது அதை எடுத்து வால்வு மூடி மேல் ஊன்றினான். சுத்தமான ஓட்டம். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் ஊன்றினான். அங்கேயும் குறையில்லை. கீழே ஆயில் தொட்டியில் ஊன்றியபோது தட்டல் நெருங்கி வந்தது. முனையை நகர்த்தி சேசிஸில் வைத்தான்.

டக் டக்.

மண்டைக்குள்ளேயே விழுந்தது.

அன்றும் இப்படித்தான். மச்சான் அடியில் புகைக்குழாயை முடுக்கிக்கொண்டிருந்தான். எண்ணெய் கசிகிற ஜாக்கி, இம்மி இம்மியாக இறங்கியிருக்கிறது. நெஞ்சு அழுந்தியவனுக்குக் கத்த மூச்சில்லை. ஸ்பானர் பிடித்த கை மட்டும் அழுந்தாமல் இருந்தது. மேலே இவன் கண்ணை மூடி, ஒரு காதை அடைத்து, மற்றதால் கேட்டுக்கொண்டு நின்றான். ரெண்டு ரெண்டாக ஒரு தட்டல். ஓட்டத்தோடு ஒட்டாத தட்டல். இது இன்ஜின் சத்தம் இல்லையே என்று அவன் காது அப்போதே சொன்னது. ஆனால் இவ்வளவு காலத்தில் கேட்டிராத சத்தம், இதைப் பிடித்துவிட வேண்டும் என்று ஆசை. ஆக்சிலேட்டரை ஏற்றிக்கூடப் பார்த்தான். ரசித்துக் கேட்டான். அதுதான் அவனால் தாங்க முடியாதது. கடைசியில் தட்டல் தானாக நின்றபோது, "மச்சான், சரியாயிடுச்சு," என்று சந்தோஷமாகக் குனிந்து சொன்னான்.

"அண்ணா."

கண்ணைத் திறந்தான். தங்கை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரிங் போயிருக்கும்மா," என்றான். "வண்டி இங்கயே கெடக்கட்டும்."

அவள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அடங்கியது, தட்டலும் அடங்கியது. பிறகு மெதுவாகப் பேசினாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் அவர் குழாயில் ரெண்டு தட்டுத் தட்டுவார், கீழே அவள் மோட்டாரை நிறுத்துவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இந்த ஒரு வாரமும் ஓட்டும்போதெல்லாம் கை தன்னால் சாவிக்குப் போகிறது, ஏன் என்று இப்போதுதான் புரிகிறது என்றாள்.

"அன்னிக்கு அவர் தட்டினாராண்ணா?"

"அது இன்ஜின் சத்தம்மா."

அவள் இறங்கினாள். ஒரு சாக்கை இழுத்துத் தரையில் போட்டு, போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு, காருக்கு அடியில் தலையை நீட்டிப் படுத்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவன்தான் யாரும் பார்ப்பதற்குள் அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தான்.

"பெயின்ட் உதிர்ந்து கெடக்கு," என்று அவள் குரல் அடியிலிருந்து வந்தது. "பளபளன்னு பள்ளம் பள்ளமா இருக்கு. ரெண்டு ரெண்டா."

வெளியே வந்து நின்றபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. அழவுமில்லை. எவ்வளவு நேரம் தட்டினார் என்று கேட்டாள்.

அவனுக்கு உள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. "ஆறேழு நிமிஷம் இருக்கும்," என்றான். "சத்தியமா இன்ஜின்னுதான் நெனச்சேன்மா."

"உன் காதுக்கா தெரியாது?"

அவள் சாவியைப் பானட்டின் விளிம்பில் வைத்துவிட்டு, குடையை விரிக்காமல் தூறலுக்குள் இறங்கி நடந்தாள். சின்ன வயதில் அவன் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன பெண். திரும்பிப் பார்ப்பாள் என்று தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பவில்லை. இனிமேல் வரமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

உள்ளே வந்தான். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சாவியை எடுத்துப் பையில் போட்டான். போதாது என்று பாட்டரி ஒயரைக் கழற்றினான். அதுவும் போதாது என்று பாட்டரியையே தூக்கி மூலையில் வைத்தான். இனி இந்தக் கார் ஓடாது, இதற்கு யாரும் நிறுத்தச் சொல்லித் தட்டவேண்டிய அவசியமில்லை என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான்.

தூறல் நின்றது. கூரை அமைதியானது.

டக்.

அவன் மூச்சை அடக்கினான்.

டக்.

ரெண்டோடு நிற்கும் என்று காத்திருந்தான்.

டக்.

எத்தனையோ வருடப் பழக்கம். மனம் புரிந்துகொள்வதற்கு முன்பே கால்கள் வழிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டன. முதுகு சுவரில் இடித்தது. கையால் தடவிப் பார்த்தான். ஆணி இருந்தது. பலகை இல்லை.

காருக்கு அடியில் சின்னச் சக்கரங்கள் உருளத் தொடங்கின.