சந்தனம் வைத்த லேப்டாப்

"ஏனுங்க, அழிச்சதைத் திரும்ப எடுக்க முடியுங்களா?" என்று கேட்டுக்கொண்டே குப்பண்ணன் லேப்டாப்பை மேசைமேல் வைத்தார். விஜயதசமிக்கு மறுநாள் காலை. பாலக்காட்டுக்குப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் ராஜஸ்ரீயின் ரிப்பேர் கடை அப்போதுதான் திறந்திருந்தது.

குப்பண்ணன் பம்பு வார்ப்படப் பட்டறை முதலாளி. அவருக்குப் பின்னால் முகம் செத்து நின்றவன் மாரீஸ்வரன். ஆறு வருஷமாகப் பட்டறைக்கு வரைபடம் போடுகிறவன். நாளை கோயம்புத்தூரில் ஒரு போட்டிக் கம்பெனியில் சேரவேண்டும்.

"பூசைக்கு வெச்சதை இன்னைக்கு எடுத்து ஆன் பண்ணுனா, ஒரு வரைபடமும் இல்லீங்க. போறவன் அழிச்சுப்போட்டுப் போறான். பூசை வெச்ச ரூம் சாவி இவங்கிட்டத்தான இருந்துச்சு? மத்தியானத்துக்குள்ள கிடைக்கலீன்னா ஸ்டேஷன்ல பராதி குடுத்துருவேன்."

"நான் தொடவே இல்லீங்க அக்கா. கேஸுன்னு வந்தா அங்க என்னைச் சேத்திக்க மாட்டாங்க" என்றான் மாரீஸ்வரன்.

சவாரி இல்லாத நேரமெல்லாம் அந்தக் கடையிலேயே கிடக்கும் ஆட்டோக்காரன் ஜோபி, ராஜஸ்ரீயின் மூளைக்குப் பத்து வருஷ ரசிகன். "சாவி இவன்கிட்ட, வேலை போட்டிக் கம்பெனியில. இதுல ஆலோசிக்க என்ன இருக்கு, சேச்சி?" என்று கிசுகிசுத்தான்.

ராஜஸ்ரீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்பாத்தி அக்ரகாரத்துக்காரிக்கு அவசரம் என்பதே கிடையாது. லேப்டாப்பைத் துடைக்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மூடியில் சந்தனம், குங்குமம். சார்ஜர் பின் நுழையும் ஓட்டையைச் சுற்றிலும் காய்ந்த சந்தனம். அடியில் பேட்டரி இருக்கவேண்டிய இடம் காலி.

"உப்பிப்போச்சுன்னு போன தீவாளிக்கே கழட்டியாச்சுங்க. எப்பவும் பிளக்குலயேதான் ஓடும்; கரண்டு போனாலும் இன்வெர்ட்டர் இருக்குதுங்க" என்றார் குப்பண்ணன்.

அவள் சார்ஜரைச் சொருகினாள். பட்டனை அழுத்திய கையை எடுப்பதற்குள் திரை எழுந்துவிட்டது. யாரும் அறியாத ஓர் ஏரிப் படம். மூலையில் தேதி: 2012 ஜனவரி 1.

"தினமும் இத்தனை வேகமாவா எழுந்துக்கும்?"

"எங்கீங்க! போட்டுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வரோணும்."

"இந்த ஏரி?"

"நாங்க வெச்சதில்லீங்க. செகண்ட்ஹேண்டுல வாங்கினது. அதைப் பாத்த உடனே ஆஃப் பண்ணித் தூக்கிட்டு வந்துட்டேன். இவன் கை படவே உடலீங்க."

"பூஜைக்குப் பிளக்கைப் பிடுங்கினது யாராக்கும்?"

"நாந்தானுங்க. பூசைக்கு வெச்ச ஆயுதத்துல கரண்டு ஓடப்படாதுங்களே. மூணு நாளும் அப்படியேதான் இருந்துச்சு."

ராஜஸ்ரீ சிரித்துவிட்டாள். "அப்போ குத்தவாளி நீங்களாக்கும்."

அவள் நிதானமாகச் சொன்னாள்: "இதுக்குள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணு நீங்க வேலை பண்ற ஹார்டு டிஸ்க். இன்னொண்ணு விரலகலத்துக்கு ஒரு குட்டி எஸ்எஸ்டி, வேகமான டிஸ்க். முன்னே வெச்சிருந்தவரோட விண்டோஸும் ஏரியும் அதுலே இருக்கு. எதுலேர்ந்து எழுந்துக்கணும்னு நினைவு வெச்சுக்க, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு செல் உண்டு. அது எப்பவோ செத்தாச்சு. பிளக்குல கரண்ட் இருந்த வரைக்கும் தெரியலை. பிடுங்கினேளா, தேதியும் போச்சு, வரிசையும் போச்சு. குட்டி முந்திண்டுடுத்து. அழிக்க வந்தவன் தேதியை எதுக்கு மாத்தறான்? இந்த வேகம்தான் காட்டிக்கொடுத்தது. உங்க ஹார்டு டிஸ்க் ஜன்மத்துக்கும் இப்படி எழுந்துக்காது."

மறுபடி ஆன் செய்து ஒரு விசையைத் தட்டினாள். நீலத் திரையில் வரிசையை மாற்றினாள். உள்ளே ஹார்டு டிஸ்க் கரகரத்தது. ஒரு டீ குடிக்கும் நேரம் கழித்து, ஆறு வருஷத்து வரைபடங்களும் வரிசையாக வந்து நின்றன.

ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லையே! ஜோபிக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது. கூடவே, மாரீஸ்வரன் முகத்தைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது.

ராஜஸ்ரீ அதற்குப் பிறகுதான் அடிமூடியைக் கழற்றிப் புது செல் போட்டுக் கொடுத்தாள். குப்பண்ணன் லேப்டாப்பை எடுத்தார். மாரீஸ்வரனிடம் நீட்டினார். "நீயே தூக்கிட்டு வா, மாரி. ஊட்டுல சாப்புட்டுட்டு, ஆறு வருசம் வேலை பாத்ததுக்குச் சர்ட்டிபிகேட்டும் வாங்கிட்டுப் போ."

"சாப்பாடு வேண்டாமுங்க. சர்ட்டிபிகேட்டு மட்டும் குடுங்க" என்றான் மாரீஸ்வரன். ஆனால் லேப்டாப்பை இரண்டு கையாலும் பத்திரமாக வாங்கிக்கொண்டான்.