தோளுக்கு மேலே ஒரு பச்சைக் கட்டம்

அடையாள அட்டைக்குப் படம் எடுக்க, தொழிற்சாலையின் பழைய முதலுதவி அறையை எனக்கு ஒதுக்கினார்கள். கட்டிலை எடுத்துவிட்டார்கள், மருந்து வாடையை மட்டும் எனக்கென்று விட்டுவைத்திருந்தார்கள். அங்கே கிடந்த ஒரே நாற்காலியைச் சுவரோரம் போட்டேன்.

கேமராக்காரர் இரண்டு கேமரா கொண்டுவந்தார். எதை வாங்குவது என்று நான்தான் சொல்ல வேண்டும். மலிவானதில் நாமே பட்டனை அழுத்த வேண்டும். விலை கூடியது முகத்தைத் தானே தேடிப் பிடிக்கும். திரையில் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழும். கட்டம் அசையாமல் நின்றால் தானே படம் எடுத்துக்கொள்ளும்.

சோதனைக்கு பாய்லர் பிரிவுக் குண்டண்ணன் வந்து உட்கார்ந்தார். திரையில் இரண்டு கட்டங்கள் விழுந்தன. ஒன்று அவர் முகத்தில். மற்றது அவர் தோளுக்கு மேலே, வெறும் சுவரில்.

"சுவத்துல கறை மேடம். அதை முகம்னு நினைச்சுக்குது," என்றார் கேமராக்காரர்.

வெள்ளைத் துணி கட்டினோம். கட்டம் போகவில்லை.

"பரவாயில்ல, துணைக்கு ஒரு ஆள் இருக்கு," என்று குண்டண்ணன் சிரித்தார்.

அன்று மாலை பாய்லர் பக்கம் மூச்சு முட்டுகிறது என்று, பழைய பழக்கத்தில் இந்த அறைக்கே ஏறி வந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பாய்லர் புகைதான் கொன்றுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அவர் இடத்துக்கு என் தம்பியைப் போட்டார்கள்.

மறுநாள் அவன் வந்து உட்கார்ந்தான். இரண்டு கட்டங்கள்.

குண்டண்ணனுக்கும் இப்படித்தான் விழுந்தது, அன்று மாலையே பாய்லர் அவரைக் கொண்டுபோய்விட்டது. விலை கூடிய பெரிய கேமராவை அப்படியே விட்டுவிட்டு, மலிவானதில் அவனைப் படம் எடுத்தேன். அதில் எந்தக் கட்டமும் விழாது.

"இதையே வாங்கிக்கலாம்," என்றேன் கேமராக்காரரிடம். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பெட்டி எடுத்துவரக் கீழே போனார்.

அட்டை இல்லாமல் பாய்லர் கதவு திறக்காது. அதனால் தம்பியிடம் பொய் சொன்னேன்.

"பிரிண்டர் மக்கர் பண்ணுதுடா. சரியாகுற வரைக்கும் இங்கேயே உக்காரு. எந்திரிச்ச, தொலைச்சுடுவேன்."

"ஷிப்ட் போயிடும்க்கா."

"போனா போகட்டும்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பிரிண்டரைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"அக்கா, குளிருது."

மின்விசிறியை நிறுத்தினேன்.

"அக்கா," இந்த முறை மெதுவாக. "எனக்குப் பின்னாடி யாராச்சும் நிக்கிறாங்களா?"

"சுவருதான்டா இருக்கு. சும்மா இரு."

சும்மா இருந்தான்.

ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. இனி அவனே கெஞ்சினாலும் இன்றைக்கு பாய்லருக்குள் விடமாட்டார்கள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கேமராக்காரர் பெட்டியோடு வந்தார். "மேடம், பெரிய கேமரா இன்னும் ஓடிட்டு இருக்கே."

திரையைப் பார்த்தேன். தம்பி கண் திறந்தபடி நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் தெளிவாகத் தெரிந்தது.

கட்டம் ஒன்றுதான் இருந்தது.

அது அவன் முகத்தில் இல்லை.

"டேய்," என்றேன். அவன் இமைக்கவில்லை.

தோளுக்கு மேலே இருந்த கட்டம் அசையாமல் நின்றது. கேமரா தானே படம் எடுத்துக்கொண்டது.