பழுதில்லாத கொட்டேசன்

மழையோடு மழையாக உள்ளே வந்தான் அவன்.

தில்லையடியில், போட்டோகொப்பியும் டைப்பிங்கும் செய்யும் பளீலா ராத்தாவின் கொமினிகேசன் கடை. அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அமானி நிமிர்ந்து பார்த்தாள். நனைந்த இமைகள்... கோபப்படத் தெரியாத கண்கள். வாய் மட்டும்தான் கோபித்தது.

“எங்கட அலுமினியப் பட்டறைக்குக் கொட்டேசன் போட எக்செல் செஞ்சு குடுத்தது நீங்கதானே? என்ட மானமே போச்சு.”

“என்ன நடந்த, நானா?”

அறியாத ஆம்பிளையையும் அண்ணனாக்கி நானா என்பதுதானே ஊர் வழக்கம், மக்காள்.

கற்பிட்டி ஹோட்டலொன்றுக்கு ஜன்னல் போட, கொட்டேசனில் விலை எழுதி அனுப்பியிருக்கிறான் வந்தவன், சியாம். தாளின் தலைப்பில் ‘சிலாபம் கில்பட் அவர்களுக்கு’ என்று பழைய வாடிக்கையாளரின் பெயர். ஹோட்டல்காரர் சிரித்துவிட்டு வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டாராம்.

அமானி பென் ட்ரைவைப் போட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்தது... உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“வெறும் படிவத்தத் திறந்து, எழுதி, வேற பேர்ல சேமிக்கணும். நீங்க அதுக்கு மேலேயே எழுதிச் சேமிச்சிரிக்கீங்க. உப்பளத்துல உப்பத்தானே நானா அள்ளுவாங்க? நீங்க பாத்தியையே அள்ளிட்டீங்க.”

பளீலா ராத்தா குலுங்கிச் சிரித்தா. சியாமின் காது சிவந்தது.

“சரி... எந்த மடையனும் பழுதாக்க ஏலாத மாதிரி ஒண்டு செஞ்சு தாங்க.”

செய்தாள். ஜன்னல் வகையைத் தெரிவுசெய்து, நீள அகலம் எழுதினால் போதும். விலை தானாக வந்து விழும். ஆனாலும் அந்த மாரி முழுக்க அவன் வந்துகொண்டே இருந்தான். ஒருநாள் கூட்டுத்தொகை வரவில்லை. ஒருநாள் திகதியைக் காணோம். அவள் திருத்தும்வரை கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்தபடி, கண்ணாடி வெட்டும் கதை, கடலோரக் காற்றில் ஆணி துருப்பிடிக்கும் கதை... அவனுடைய மோட்டார்சைக்கிள் சத்தம் எதுவென்று அவள் காது எப்படியோ படித்துவிட்டது.

ஆனால் ரோசம் என்றும் ஒன்று இருக்கிறதே. என் வேலையில் இத்தனை பழுதா? ஒருநாள் மூச்சடக்கி உட்கார்ந்து, எழுத வேண்டிய மஞ்சள் கட்டங்களை மட்டும் விட்டு, மிச்சத்தையெல்லாம் யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டினாள்.

“இனி நீங்க இந்தப் பக்கம் வரவே தேவல்ல, நானா.”

“வரவே... தேவல்லையா?”

“ஓம்.”

பெருமையாகத்தான் சொன்னாள். அவன் போனபிறகுதான் சொன்னது என்னவென்று விளங்கியது.

மழை ஓய்ந்தது. கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஒரு போன் கோல் எடுத்து, ‘சரியா வருதா?’ என்று கேட்டால் என்ன? கை போனுக்குப் போகும்... கேட்கிறவன் என்ன நினைப்பான் என்று திரும்பிவிடும்.

“நல்லாத்தான் செஞ்சாய் புள்ள,” என்றா ராத்தா. “வாற ஆளையும் சேத்துப் பூட்டிட்டாய்.”

பிறகொரு வெயில் காலையில் அதே மோட்டார்சைக்கிள் சத்தம். சியாம் வெறுங்கையோடு வந்து நின்றான்.

“இப்ப என்ன பழுது?”

“ஒண்டும் பழுதில்ல. அந்த ஹோட்டல்காரரே மத்தக் கட்டிடத்துக்கு எங்களக் கூப்பிட்டுட்டார். எல்லாம் சரியா வருது... அதான் இஞ்ச வர ஒரு சாட்டும் இல்லாமப் போச்சு.”

“அப்ப... அண்டைக்குக் கூட்டுத்தொகை?”

“நான்தான் அழிச்ச.”

“திகதி?”

“அதுவும்...”

அவள் முறைக்கப் பார்த்தாள். கண்கள் கேட்கவில்லை. “என்ட வேலையில பிழையெண்டு எத்தின நாள் நித்திரை இல்லாம இருந்தன் தெரியுமா, நானா?”

“மாப்புக் கேக்கத்தான் வந்த. அந்த நானாவ மட்டும் விட்டுடுங்க, அமானி...” அவன் குரல் இறங்கியது. “உம்மாவ உங்கட வீட்டுக்கு அனுப்பவா?”

ராத்தா திடீரென்று போட்டோகொப்பி மெசினுக்குள் குனிந்து, இல்லாத தாளொன்றைத் தேடத் தொடங்கினா.

அமானி மேசையைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். கடைசியில் அவனைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சா வாப்பா வீட்டதான் இருப்பார்...”

பழகிய அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். பிறகு, மெதுவாக...

“...சியாம்” என்றாள்.