இரண்டாவது மணை

யாரும் உட்காராத மணை சூடாக இருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கூடத்தைத் துடைக்கலாம் என்று இரண்டு மணைகளையும் எடுத்துச் சுவரோரம் சாய்க்கப் போனபோதுதான் அவள் கை அதை உணர்ந்தது. விடியற்காலை கிரகப்பிரவேச யாகத்தில் அவள் ஒரு மணையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மணை, தம்பதியாக இருந்தால் கணவன் உட்கார வேண்டிய மணை, காலியாகவே கிடந்தது. அவள் உட்கார்ந்த பலகை இப்போது தரையைப் போலக் குளிர்ந்துவிட்டது. காலிப் பலகை மட்டும், யாரோ இத்தனை நேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போனதுபோல, நடுவில் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. யாகக் குண்டத்தின் சூடாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குண்டம் தன் மணைக்குத்தான் பக்கத்தில் இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அவளை எக்ஸ்ரேம்மா என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக இருட்டறையும் ஈயக் கவசமுமாக வேலை பார்க்கிறவள். மனிதர்களை எலும்பு வரைக்கும் பார்த்துவிட்டதால் அவர்கள் வெளியே காட்டும் வீறாப்புக்கெல்லாம் சுலபத்தில் மசியமாட்டாள். கணவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு கட்டிய வீடு இது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, பின்பக்கம் கையகல இடம். வாசல் பலகையில் அவள் பெயர் மட்டும்தான். அதை மாட்டிய அன்று கணவரின் அண்ணனுக்கு முகம் போன போக்கை அவள் ஆசை தீரப் பார்த்தாள்.

அந்த மனிதரோடு பத்து நாளாக இழுபறிதான். புருஷன் இல்லாதவள் பால் பாத்திரத்தோடு முதலில் நுழையக்கூடாது, தன் மனைவி நுழையட்டும் என்றார். கட்டியது நான், நுழைவதும் நான் என்று அவள் வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனாள். சங்கல்பம் யார் பெயரில் என்று புரோகிதர் தயங்கியபோது, என் பெயரில்தான் என்று கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பால் பொங்கி வழிந்தது. வழிந்த பாலைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் விட்டுக்கொடுத்தாள். ஒரு மணை போதும் என்று அவள் சொல்ல, அவர் இரண்டைக் கொண்டுவந்து போட்டிருந்தார்.

"ஒத்தை மணை போடக்கூடாதும்மா. சும்மா கிடக்கட்டும், அது உன்னை என்ன பண்ணப் போகுது?"

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள்.

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். முதல் ராத்திரி வீட்டைப் பூட்டிப் போடக்கூடாது, ஏற்றிய விளக்கு விடியும்வரை அணையக்கூடாது, வீட்டுக்கு உடையவர் அங்கேயே தூங்க வேண்டும். துணைக்கு ஆள் வேண்டாமா என்றார். வேண்டாம் என்றாள். மகள் மட்டும் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அவளுக்கு மறுநாள் காலையில் பரீட்சை, மத்தியான பஸ்ஸிலேயே காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு சிரித்தார். "பயமா இருந்தா ஒரு போன் போடு. சாவியைக் குடுத்துட்டு நம்ம மாடி ரூமுக்கே வந்துடு. ஒரு ராத்திரிகூட இருக்க முடியலைன்னா அப்புறம் எதுக்கும்மா வீடு?"

அந்த மாடி அறையில்தான் அவள் பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்தினாள். அங்கே திரும்பிப் போவதைவிட ரோட்டில் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டுதான் கதவைச் சாத்தினாள்.

நாலு மணிக்குக் கிராம்பு வாசனை வந்தது. யாகப் புகை, புதுப் பெயிண்ட், வாசலில் வாடத் தொடங்கியிருந்த பூ, துடைத்த தரையின் ஈரம் என்று வீடு முழுக்க ஆயிரம் வாசனை இருந்ததால் முதலில் அது தனியாகத் தெரியவில்லை. படுக்கையறை ஜன்னலைத் திறக்கப் போனவள் பாதியில் நின்றாள். கணவர் நாள் முழுக்கக் கிராம்பு மெல்லுவார். அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் அந்த வாசனை படியேறி வரும், அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பாள். சமையலுக்கு வந்தவர்கள் எதையோ சிந்தியிருப்பார்கள் என்று அவள் சமையலறையைக் குனிந்து குனிந்து தேடினாள். ஒன்றும் சிந்தியிருக்கவில்லை. மேடையில் அவள் தனக்கென்று எடுத்து வைத்திருந்த பால் மட்டும் காலியாகி, டம்ளர் கவிழ்ந்து கிடந்தது.

குடித்த டம்ளரைக் கவிழ்த்து வைப்பது அவர் வழக்கம்.

பந்தியில் பரிமாறிய பெண் யாராவது குடித்திருப்பாள், களைப்பாக இருந்திருக்கும். அவள் டம்ளரைக் கழுவினாள். கழுவும்போது உள்ளே ஈரம் காயாமல் இருந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

ஆறு மணி சுமாருக்கு விளக்கில் எண்ணெய் ஊற்றினாள். கூடத்துக்கு இன்னும் டியூப்லைட் மாட்டவில்லை, எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஆகவே கூடத்தின் வெளிச்சமெல்லாம் மூலையில் இருந்த அந்தக் குத்துவிளக்கில்தான் இருந்தது. அவள் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தபோது வாசல் தாழ்ப்பாள் மேலே போய்க் கீழே விழுந்தது. மறுபடி மேலே போய்க் கீழே விழுந்தது. உள்பக்கத் தாழ்ப்பாள்.

அந்தச் சத்தம் அவளுக்கு மனப்பாடம். வேலை முடிந்து வந்ததும் அவர் தாழ்ப்பாளை இரண்டு தடவை தட்டிப் பார்ப்பார். அதன் பிறகு மாடி அறையில் யாரும் வாசல் பக்கம் போகக்கூடாது, ஜன்னலில் நிற்கக்கூடாது, அவர் சிரிக்காதவரை சிரிக்கவும் கூடாது. கைநிறையச் சம்பாதிக்கிறவள், ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரையே அதட்டுகிறவள், அந்த இரண்டு தட்டலுக்குப் பிறகு வாயில்லாப் பூச்சி. அவர் செத்தபோது அழுதாள். முதல் பத்து நாள் ஊருக்காக, பிறகு ஒருநாள் நிம்மதியில்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது நெஞ்சுப் படம் எடுத்ததும் அவள்தான். எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னாள். மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க. பிடித்தார். அசையவில்லை. விடலாம் என்று அவள் சொன்ன பிறகுதான் விட்டார். பதினெட்டு வருடத்தில் அவள் சொல்லி அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான். படத்தில் இதயம் வீங்கி இடது பக்கம் சரிந்திருந்தது. சின்ன வயதில் முறிந்த ஒரு விலா எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. மறுநாள் போய்விட்டார்.

போன் அடித்தது. மகள்தான். சாப்பிட்டாயா, விளக்கு எரிகிறதா என்று கேட்டாள். படித்துவிட்டாயா என்று இவள் கேட்டாள். நடுவில் மகள் பேச்சை நிறுத்தினாள்.

"அம்மா, பக்கத்துல யாரு? இருமுற சத்தம் கேக்குதே."

"யாரும் இல்லடி. டிவி."

அந்த வீட்டில் டிவி இல்லை. அது மகளுக்கும் தெரியும்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், திட்டாதே. காலையில நீ வர்றதுக்கு முன்னாடியே பெரியப்பா உள்ள போயிட்டார்மா. நான் வாசல்ல பூ மாட்டிட்டு இருந்தேன். அவர் கையில அப்பாவோட நீலச் சட்டை. நிலைப்படியில நின்னு, 'வாடா, வலது காலை வெச்சு வா, இது உன் வீடு'ன்னு சொல்லித்தான் எடுத்துட்டுப் போனார். அந்த ரெண்டாவது மணைக்கு அடியில மடிச்சு வெச்சார். உங்கிட்ட சொன்னா சண்டை வரும்னுதான்..."

மணைக்கு அடியில் ஒன்றும் இல்லை. அவள்தான் தூக்கினாள், அவள்தான் துடைத்தாள். ஒரு நூல்கூட இல்லை.

அப்படியென்றால் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாகிவிட்டது.

மகளிடம் நல்லபடியாகத்தான் பேசி வைத்தாள். படி, தூங்கு, நாளைக்குப் பேசலாம். படுக்கையறைக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கட்டில் இல்லாத அறையில் கட்டில் முனகுகிற சத்தம் வந்தது, மாடி அறைக் கட்டிலின் சத்தம், இடது கால் ஆடுகிற அதே கட்டில். அவள் தாழ்ப்பாளைத் தூக்கினாள். கதவைத் திறந்தாள். வாசற்படியில் நின்றாள்.

வெளியே சாதாரண சாயங்காலம். எதிர்வீட்டில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்கூட்டர் போனது. கையில் போன் இருந்தது, அதில் கணவரின் அண்ணனின் நம்பர் முதலிலேயே இருந்தது. ஒரு அழுத்து. பத்து நிமிடத்தில் வந்துவிடுவார். சாவிக்குக் கையை நீட்டுவார். சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை நினைத்ததும் பயத்துக்கு அடியிலிருந்து கோபம் பொங்கி வந்தது. செத்தும் விடவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. இந்தத் தாழ்ப்பாளைக் கடையில் பத்து தடவை இழுத்துப் பார்த்து வாங்கியவள் அவள். இந்த நிலைப்படி வைக்கும்போது வெயிலில் நின்றவள் அவள். அவள் கூப்பிடாமல் இன்னொருவர் கூப்பிட்டார் என்பதற்காக ஒருவர் வந்து கட்டிலில் சாய்ந்துகொள்வதா?

போனை இடுப்பில் செருகினாள். வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"இந்த வீட்டுக்கு யார் வரணும்னு நான்தான் கூப்பிடணும். நான் கூப்பிடலை."

செருமல் நின்றது.

அவள் வலது காலை எடுத்து வைத்தாள். காலையில் வைத்ததைவிட அழுத்தி வைத்தாள். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. ஒன்று. இரண்டு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். புதுப் பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் ஏறியது. முதுகுக்குப் பின்னால் கிராம்பு மெல்லுகிற சத்தம். பல்லில் நொறுங்குகிற சத்தம். காதுக்குப் பக்கத்தில். பால் பொங்கி வழிந்தது.

பாத்திரத்தையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சுவரில் சாய்த்த இடத்திலிருந்து தன் மணையை எடுத்து, கூடத்தின் நடுவில் போட்டாள். ஒரே ஒரு மணை. இரண்டாவதைத் தொடவில்லை. உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். தன் பெயரை, நட்சத்திரத்தை, இது தன் வீடு என்பதைத் தனக்குத் தெரிந்த தமிழில் வாய்விட்டுச் சொன்னாள்.

கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் இரண்டாவது மணை கிடந்தது.

அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஓரக்கண்ணில் நீலமாக ஏதோ. ஒரு சட்டைக் கை. அதன் முனையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று, முழங்காலின் மேல். சூடு. கிராம்பு. தாறுமாறாக வரும் மூச்சு, நெஞ்சுச் சளிக்குள்ளிருந்து வரும் மூச்சு.

எதிர்ச்சுவரைப் பார்த்தாள். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தது. புதுச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில் அவள் நிழல் கறுப்பாக விழுந்திருந்தது. பக்கத்து நிழல் கறுப்பாக இல்லை. வெளிச்சம் அதை ஊடுருவிப் போயிருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. அவள் எண்ணாமலே கண் எண்ணியது. கோணலாகக் கூடிய எலும்பு. வீங்கி இடது பக்கம் சரிந்த இதயம். அது துடிக்கவில்லை. ஆனால் விலா எலும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

சுவரில் ஒரு கை எலும்பு உயர்ந்தது. மெதுவாக. அவள் நிழலின் கழுத்தை நோக்கி.

இருபத்திரண்டு வருடமாகச் சொன்ன குரல் தானாக வந்தது. அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

விலா எலும்புகள் ஏறின. விரிந்தன. நின்றன.

கை அந்தரத்தில் நின்றது.

கூடத்தில் எந்தச் சத்தமும் இல்லை. விளக்கு மட்டும் லேசாகப் படபடத்தது. மணி ஏழரை, விடிய இன்னும் பதினோரு மணி நேரம். அவள் பாலை டம்ளரில் ஊற்றி, ஆற்றி, முழுவதையும் குடித்தாள். இனித்தது. ஓரக்கண்ணில், அது அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. விடலாம் என்ற ஒரு சொல்லுக்காக. சுவரில் விலா எலும்புகள் இன்னும் விரிந்தன. பக்கத்தில் நீலச் சட்டை புடைத்தது. தையல் பிரிகிற சத்தம் கேட்டது. ஒரு பொத்தான் தெறித்து, தரையில் உருண்டு, அவள் மணைக்கு முன்னால் வந்து படுத்தது. பிறகு இன்னொன்று.

அவள் காலி டம்ளரை நிமிர்த்தி வைத்தாள். மறுபடி நிறைய ஊற்றினாள். வாயைத் திறக்கவில்லை.