மரத்தில் ஒட்டிய மரணம்

டெலிபோன் அலறியது.

லெப்டினன்ட் கான்ச்சோ வாயிலிருந்த பனீட்சா பலகாரத்தை அவசரமாய் விழுங்கிவிட்டு எடுத்தான்.

"சார், கான்ஸ்டபிள் மின்யோ பேசறேன். சதுக்கத்துல ஒரு சாவு..."

"யாரு?"

"கெண்டை மீன் சார்."

"காலையிலேயே குடிச்சிட்டியா?"

"மரத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க சார். நீங்களே வந்து பாருங்க..."

ஓடினான்.

சதுக்கத்து மரத்தில், ஊரில் இறந்தவர்களின் அறிவிப்புகளுக்கு நடுவே, கறுப்புக் கட்டம் போட்ட புதுக் காகிதம். படத்தில் ஒரு கெண்டை மீன்!

'அரசு சாயத் தொழிற்சாலை ஆற்றில் விட்ட விஷத்தால், எங்கள் அன்பு மீன்கள் செவ்வாயன்று காலமாயின. யாரும் குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். ஆழ்ந்த துயரத்துடன்...' கீழே பொடி எழுத்தில் ஒரு பெயர்ப் பட்டியல்.

கான்ச்சோவுக்கு வியர்த்தது.

தணிக்கை அதிகாரி நேற்று பத்திரிகையிலிருந்து வெட்டி எறிந்த அதே செய்தி!

"கிழிடா மின்யோ."

"ஐயையோ... சாவு நோட்டீஸைக் கிழிச்சா அடுத்த நோட்டீஸ் நம்ம வீட்டுக்கு சார். மழைதான் கிழிக்கணும். வேணும்னா நீங்க..."

கான்ச்சோவின் கை நீண்டது... பாக்கெட்டுக்குள் போனது.

மேலதிகாரி கர்னலுக்குப் போனில் தகவல் சொல்லிவிட்டு, நேராகப் பத்திரிகை ஆபீஸ்.

"நீங்கதானே மேடம் அச்சடிச்சது?"

ஆசிரியை வெனெதா காபியிலிருந்து நிமிர்ந்தாள்.

"ஆமா தம்பி. செய்திக்குத்தானே தணிக்கை? துக்கத்துக்குமா?"

"கர்னல் கொதிக்கறார். அச்சடிச்சவங்க, கீழே பேர் போட்டவங்க, எல்லாரையும் உள்ளே தள்ளச் சொல்லிட்டார். உங்களுக்கு மூணு வருஷமாவது கிடைக்கும்." கான்ச்சோ கைவிலங்கை எடுத்தான்.

வெனெதா கோப்பையைக் கீழே வைத்தாள். நோட்டீஸின் இன்னொரு பிரதியை நீட்டினாள்.

"பேர் வரிசையாவே பிடிங்க. நான் கடைசி."

முதல் பெயரைப் படித்தான் கான்ச்சோ.

பெனா.

அவன் மனைவி!

"ஃபாக்டரி லேப்ல தண்ணியைச் சோதிச்சதே அவதான். குழந்தைக்கு வாந்தி நிக்கலைன்னு இங்கே வந்து அழுதா. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா... நான் ஃபுட்பால் பாத்துட்டிருந்தேன்."

விலங்கு மெல்ல இடுப்புக்குத் திரும்பியது.

மேஜை டெலிபோன் அலறியது. கர்னல்!

"என்னய்யா ஆச்சு?"

"நல்லா விசாரிச்சிட்டேன் சார்... சந்தேகப்பட ஒண்ணுமில்லை. இயற்கையான துக்கம்."

ரிசீவரை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தான்.

"சனிக்கிழமை மழையாம் மேடம். நோட்டீஸ் கரைஞ்சிடும். அதோட விட்டுது தொல்லை."

"எங்கே விடும்? செத்தவங்களுக்கு நாப்பதாம் நாள் ஒண்ணு ஒட்டணும், ஆறாம் மாசத்துக்கு ஒண்ணு, அப்புறம் வருஷா வருஷம்..." வெனெதா கண்ணடித்தாள். "உயிரோட இருக்கிற பத்திரிகையைத்தான் தம்பி நிறுத்த முடியும்!"