பன்னிரண்டாவது சிங்கம்

ஊரே கதவடைத்துத் தூங்கும் மதிய வேளையில் பட்டறைக்குத் திரும்பினேன். பூட்டைத் திறந்து, அளவுக் கருவியைச் சிங்கத்தின் தாடையில் வைத்தேன்.

காலையில் நான் பூட்டிவிட்டுப் போனபோது இருந்ததைவிட இன்றும் இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

எரிச்சலில் கருவியை வீசினேன். கிரனாடா அரண்மனையின் சிங்க நீரூற்றை அச்சு அசலாகப் பளிங்கில் செதுக்கி எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் நிறுத்த வேண்டும். பதினொரு சிங்கங்கள் தயார். இது மட்டும் என் உயிரை வாங்கியது. களிமண் என்றால் அப்பிவிடலாம். போன பளிங்கை எதைக் கொண்டு ஒட்டுவது? இதோடு இரண்டு கல் வீண்.

முதலில் இதைச் செதுக்கியவர் எங்கள் தலைமைச் சிற்பி யூஃப்ராசியோ. கை நடுங்குகிறதென்று நான்தான் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். மூன்றே வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் மனைவி ரெமேதியோஸிடம் ஓடினேன்.

"அவரோட உளியெல்லாம் எங்க?"

"சவப்பெட்டியில வச்சுட்டேன், தியோ. கேட்டுக்கிட்டே செத்தாரு."

"எனக்கு வெள்ளிக்கிழமை கிரேன் வருதே!"

"அவருக்கும் தெரியும். நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

வேறு வழியில்லை. மூன்றாவது கல்லைப் பட்டறை நடுவில் நிறுத்தினேன். "இந்தாங்க, நீங்களே செதுக்கித் தொலைங்க!" என்று கத்திவிட்டுப் பூட்டினேன்.

உள்ளே உளி விழும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை திறந்தபோது சிங்கம் முடிந்திருந்தது. மயிரிழைகூடப் பிசகவில்லை. என்னால் ஒருநாளும் முடியாத வேலை. பொறாமையோடு அளவுக் கருவியைக் கீழே வைத்தேன்.

மறுநாள் சதுக்கத்தில் மேயர் அந்தச் சிங்கத்தைத் தடவிப் பார்த்தார். "அடேயப்பா! யாரு கை வேலைப்பா இது?"

ரெமேதியோஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் யூஃப்ராசியோவுக்குப் பின்னாலேயே நின்றவன் நான்.

"என்னோடதுதான்," என்றேன்.

தண்ணீரைத் திறந்தார்கள். பதினொரு வாயிலும் தெளிந்த நீர். பன்னிரண்டாவதில் மட்டும் பளிங்குத் தூள் கலந்து வெள்ளையாக வந்தது.

டக்.

டக்.

சிங்கத்தின் உள்ளேயிருந்து.

"ஒரு வார்த்த அவரு பேரச் சொன்னா கொறஞ்சா போயிருப்ப?" என்றாள் ரெமேதியோஸ்.

அதன்பிறகு மேயர் முதல் பாதிரியார் வரை எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். என்ன அடக்கம் என்று முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். ஒருவரும் நம்புவதில்லை.

நான்கு வருடமாயிற்று. சிங்கத்தின் மார்பு முட்டை ஓடு போல மெலிந்துவிட்டது. மதிய வெயில் அதில் ஊடுருவும்போது, உள்ளே ஒரு கை அசைவது தெரிகிறது.

அந்தக் கை இப்போது நடுங்குவதில்லை.